கோவளத்தில் நான் கண்ட சுறா

எங்கள் காலத்தில் வெள்ளைச் சுறா என்றால் வில்லன். பம்மலில் பக்கத்து வீட்டு வீடியோ டெக்கில் சுறாப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, கிணற்றில் வாளி விடவே ஒரு மாதம் யோசித்தவன் நான். பதினாறு வயதாகும் என் மகள் பார்க்கும் வீடியோக்களில் அதே சுறா அப்பாவி.

"அது பாவம்ப்பா. தெரியாமதான் கடிக்குது."

கடித்துவிட்டு சாரி சொல்லுமா என்று கேட்டேன். முறைத்தாள்.

அவளுக்குக் கோவளத்தில் சர்ஃபிங் கற்க வேண்டும். அப்பா சம்மதித்தால்தான் கடலில் இறக்குவார்களாம். "நேர்ல வந்து பாத்துட்டு சொல்றேன்" என்றேன் கம்பீரமாக. மேலே நின்று பார்த்தால் அடியில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும் பாருங்கள்.

ஞாயிறு காலை இருவரும் போனோம். கரையில் மீன் வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அலைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு முக்கோணம் எழுந்தது.

"சுறா! சுறா!" என்று கத்தினேன்.

என் கணக்குப்படி ஜனம் ரோட்டைப் பார்த்து ஓட வேண்டும். ஓடத்தான் செய்தார்கள், கடலைப் பார்த்து. கையில் வயர் கூடையோடு.

"எந்த போட்ல சார் வந்துகீது?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் ஒரு அக்கா. "மருமவ பெத்து பத்து நாள் ஆவுது. பால் ஊற சுறாப்புட்டு செஞ்சு குடுக்கணும்."

முக்கோணத்தைக் காட்டினேன். வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் சிரித்தார். "அது சர்ஃபிங் பலகை சார். ஏறுன ஆளு வுழுந்துட்டாரு, பலகை கவுந்துகினு கீது. அடியில மீன் றெக்கை மாதிரி ஒண்ணு இருக்கும், அது."

"இன்னா சார், பேஜார் பண்ற!" என்று அக்கா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

மகள் என் காதருகே வந்தாள். "எல்லாரும் அதைத் திங்க ஓடி வந்தாங்க. பயந்தது நீ மட்டும்தான். இப்ப சொல்லு, யாரைப் பாத்து யாரு பயப்படணும்?"

இவள் பிறந்தபோது என் மனைவிக்கு வந்த சுறாப்புட்டில் பாதியைத் தின்று தீர்த்தவன் நான். எனக்குப் பால் சுரக்க வேண்டிய அவசியம் எதுவும் இருக்கவில்லை.

"போ" என்றேன். மனம் மாறுவதற்குள் பலகையோடு ஓடிவிட்டாள். நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றேன். அவள் விழும்போதெல்லாம் அரை அடி முன்னே போனேன். அலை வந்தால் ஓரடி பின்னே வந்தேன்.

அக்கா இன்னும் போகவில்லை. "அங்க நின்னுகினு இன்னா சார் பண்ற?"

"பொண்ணு உள்ள இருக்காம்மா. காவல்."

"அப்ப உள்ள போயி நில்லேன். அதான் சுறா இல்லேன்னு தெரிஞ்சிடுச்சே!"

இத்தனை வருஷமாக ஒரு மீன் தலையில் கட்டியிருந்த பழியை அங்கேதான் இறக்கி வைத்தேன்.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா" என்றேன், மகளுக்குக் கேட்காத குரலில்.