படுதாவை இறக்காதீர்கள்

போன வாரம் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில், எஸ்.டி.டி. பூத் வாசலில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். லீலாபாய்.

ஓடி ஒளிய இடம் தேடினேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நான் கால்நடைத் துறையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். கோழிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு கிளாஸ் எடுப்பதும் என் வேலைதான். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்காதே, கூண்டில் நெருக்காதே, தண்ணீரை வெயிலில் வைக்காதே...

இரண்டு வருஷத்துக்கு முன்பு பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்கு கிளாஸ் எடுக்கப் போனேன். நாற்றம் என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்களாம். அதனால் ஷெட்டைச் சுற்றித் தொங்கும் சாக்குப் படுதாவை நாள் முழுக்க இறக்கியே வைத்திருந்தார்கள். உள்ளே கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வெயிலோ மழையோ, பகலில் படுதாவை இறக்காதீங்க. யார் சொன்னாலும் இறக்காதீங்க" என்று கத்தினேன்.

முன்வரிசையில் இருந்த லீலாபாய் அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். படுதா அவள் பொறுப்பு. மாதம் முழுக்க வேலை கிடைக்கும் இடம் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

அடுத்த மாதம் அதே ஷெட்டில் ஒரு வார வயதுக் குஞ்சுகளை விட்டிருக்கிறார்கள். ஐப்பசி. மதியத்துக்கு மேல் காற்றும் சாரலும். கூட வேலை செய்தவள் படுதாவை இறக்கப் போக, லீலாபாய் தடுத்துவிட்டாள் — சார் சொல்லியிருக்கிறாரே? குளிரில் குஞ்சுகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. இரண்டு கையாலும் விலக்கி விலக்கி விட்டாளாம். அடியில் இருந்தவை மூச்சுமுட்டிச் செத்தன.

மறுநாள் செய்தி கேட்டு நானும் போனேன். முதலாளி அவளிடம் கேட்டார்:

"ஆரு உனக்கு இப்பிடி சொல்லித் தந்தது?"

லீலாபாய் என்னைப் பார்த்தாள். நான் படுதாக் கயிற்றைப் பார்த்தேன். குஞ்சுக்குக் கதகதப்பு வேண்டும் என்று கிளாஸில் நான் சொல்லவே இல்லை.

"ஆரும் இல்ல. எனக்க புத்திகேடாக்கும்" என்றாள்.

அன்றோடு வேலை போயிற்று. வாத்தியார் தப்பாகச் சொல்லிக் கொடுத்தாலும் ஃபெயில் ஆவது மாணவன்தான்... கவனித்திருக்கிறீர்களா?

பூத் வாசலில் அவளாகவே பேசினாள்.

"சாரே, சொகந்தானா? நான் இப்பம் பூவாறுல தொண்டு அடிக்கப் போறேன்."

கயிறு திரிக்க, ஊறவைத்த தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் வேலை. விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. எனக்கு அழுகை வந்தது.

"இப்பமும் கிளாசு எடுக்கியளா?"

"எடுக்கேன்."

"அப்பம் குஞ்சு காரியத்த தனியா சொல்லணும், கேட்டியளா. பாவமாக்கும் அதுவ."

சொல்கிறேன் என்றேன். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், இரண்டு வருஷமாக, எல்லா கிளாஸிலும் — ஒரு வேலைக்காரி செய்த முட்டாள்தனம் என்று.