மணப்பெண் கன்னமும் மசோதாவின் நான்காம் பிரிவும்

சட்டம் போடுவது பெரிய மனிதர்கள் வேலை. போடலாமா வேண்டாமா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு, கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வருவது எங்கள் வேலை. சட்டமன்றக் குழு ஒன்றின் அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறேன். பிறத்தியார் பேச்சைக் குறிப்பெடுத்தே விரல் தேய்ந்த சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

இந்தத் தடவை விஷயம் அழகு நிலையம். நடத்துகிறவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று ஒரு வரைவு மசோதா. அதன் நான்காம் பிரிவில் இரண்டு நிபந்தனைகள்: உரிமம் கேட்பவர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அவர்மேல் வாடிக்கையாளர் புகார் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. நான் பெரியகுளத்துக்காரி. "உங்க ஊர்ப் பேச்சு உங்களுக்குத்தானே புரியும்" என்று சென்னையிலிருந்து என்னைத் தேனிக்குத் தள்ளிவிட்டார்கள். கூடவே சார்புச் செயலாளர் மேடம். நல்ல மனுஷி, ஆனால் சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்று நினைப்பவர்.

மைக் கைக்கு வந்தால்

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். மேடம் மசோதாவைப் படித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் காபி குடிக்கப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களிடம் மைக்கைக் கொடுத்தோம். ஒருத்தர் ரேஷன் பருப்பைப் பற்றிப் பேசினார், ஒருத்தர் தெருவிளக்கு. நானும் கடமை தவறாமல் எழுதினேன்.

கடைசியாக ஓர் அம்மா எழுந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், கழுத்து நிறைய நகை, கணீர்க் குரல். இவராவது விஷயத்துக்கு வருவார் என்று பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவர் சொன்னார்: "லைசென்ஸ் எங்க போகப் போகுது, மெதுவாக் குடுங்க. சாயங்காலம் போடிக்கு ஒரு பஸ்ஸு கூட விடச் சொல்லி முதல்ல எழுதுங்க."

எட்டாம் வகுப்பு

மறுநாள் சின்னமனூரில் பாண்டிச்செல்வி என்பவளின் அழகு நிலையத்துக்குப் போனோம். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, வாசலில் ஒரு பிளாஸ்டிக் திரை. ஆனால் முகூர்த்த மாதம் வந்தால் கேரளத்துக் குமுளியிலிருந்துகூட மணப்பெண் அலங்காரத்துக்கு ஆள் தேடி வரும். மலையாளத்தில் நாலு வார்த்தை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் பேசுவாள். எங்களைப் பார்த்ததும் மேடத்தின் புருவத்தைத்தான் முதலில் பார்த்தாள். "திருத்தி ரொம்ப நாளாச்சோ?" என்றாள். மேடம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

நான்காம் பிரிவைச் சொன்னேன். அவள் முகம் செத்துப் போனது. எட்டாவதோடு படிப்பு நின்று, திராட்சைத் தோட்டத்துக் கூலியாக இருந்து, கம்பத்தில் ஒரு அக்காவிடம் தொழில் பழகி, இந்தக் கடையைப் போட்டவள். போதாததற்கு அவள்மேல் ஒரு புகார் வேறு எங்களுக்கு வந்திருந்தது. அவள் மெதுவாகக் கேட்டாள்: "பொண்ணு முகத்துல நான் பத்தாம் வகுப்புப் பாடமாக்கா எழுதப் போறேன்?"

வீங்கின முகம்

புகார் கொடுத்தவர் மார்க்கையன்கோட்டை ராசாத்தியம்மாள். வாழை விவசாயம், வாய்க்குப் பஞ்சமில்லை. மூத்த மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் செல்வி வந்து முகத்துக்கு பிளீச் போட்டாளாம். விடிந்து பார்த்தால் முகம் வீங்கிச் சிவந்திருந்ததாம். ஆல்பத்தைப் பிரித்துக் காட்டினார். உண்மையில் பாவமாகத்தான் இருந்தது, கண் இரண்டும் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"இப்ப நல்லாயிருக்காளா?" என்று கேட்டேன். வீக்கம் மூன்றாம் நாளே வடிந்துவிட்டதாம். ஆனால் பெற்றவள் வயிற்றெரிச்சல் வடியவில்லை. "வீக்கம் வடிஞ்சிரும் தாயி, போட்டோ வடியுமா?" என்றார்.

நேருக்கு நேர்

இரண்டு பேரையும் உத்தமபாளையத்தில் ஓர் அரசு அலுவலக அறையில் உட்கார வைத்தோம். பத்தாம் வகுப்புக்கு ஏதாவது வழி பார்க்கலாம், ஆனால் இந்தப் புகார் நிலுவையில் நின்றால் அவளுக்கு உரிமம் கிடையாது என்று மேடம் என்னிடம் முன்னமே சொல்லியிருந்தார். செல்விக்கும் அது தெரியும். அதனால் வந்ததும் வராததுமாக ராசாத்தியம்மாளைப் பிடித்துக்கொண்டாள்: "பிளீச் போட்ட மூஞ்சியில விடியுற வரைக்கும் யாரும் எதையும் தடவக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையாக்கா?"

ராசாத்தியம்மாள் ஜன்னலைப் பார்த்தார். "சொன்ன" என்றார். அப்புறம் என்ன நடந்தது என்று மேடம் கேட்டார். அன்று சாயங்காலம் நலங்காம். மஞ்சளும் சந்தனமும் குழைத்து, வீட்டுக்காரரின் அக்காதான் முதல் கை வைக்க வேண்டுமாம். "வேணாம் மதினின்னு சொன்னா பந்தல்ல இருந்து எந்திரிச்சுப் போயிருவாக. அவுக போனா பின்னாடியே அந்தப் பக்கத்துச் சனம் பூராம் போயிரும். கன்னத்துல அரைச்சு அரைச்சுத் தேச்சாக, நானும் பாத்துக்கிட்டுத்தேன் நின்னேன்."

"தெரிஞ்சுமா என்மேல எழுதிக் குடுத்தீக? என் பொழப்பே போகப் பாத்துச்சேக்கா!" என்று செல்வி ஓவென்று அழுதுவிட்டாள். ராசாத்தியம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "அடி ஆத்தா, அழுவாதடி. மனுவைக் கிழிச்சுப் போடச் சொல்றேன். வர்ற தையில சின்னவளுக்கும் நீதேன் வரணும்" என்றார். மேடத்துக்குப் பொறுக்கவில்லை. தப்பு யார்மேல் என்று தெரிந்தும் இந்தப் பெண்மேல் ஏன் புகார் கொடுத்தீர்கள் என்று கேட்டார். ராசாத்தியம்மாள் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்: "பின்ன, நாத்தனா மேலயா மனுக் குடுக்க முடியும்?"

மேடம் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஸ்பீக்கரில்

சென்னை திரும்பியதும் மேடம் தன் கைப்பட எழுதினார்: ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டாம், செய்முறைத் தேர்வு போதும். குழுவில் இரண்டு பேர் முறைத்தார்கள். மேடம் ராசாத்தியம்மாள் கதையைச் சொன்னார். முறைத்த இருவரும் கல்யாணம் ஆனவர்கள்தான், சரி என்று தலையாட்டிவிட்டார்கள். மசோதா சபைக்குப் போக இன்னும் நாளாகும். ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, செல்விக்குப் போன் போட்டேன்.

சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "இருங்கக்கா, ஸ்பீக்கர்ல போடுறேன். கடையில நாலு பேரு இருக்காக, இன்னொருக்கா சத்தமாச் சொல்லுங்க."

பாதிப் புகார்கள் தப்புச் செய்தவர்மேல் வராமல், கொடுத்தால் வீட்டில் சண்டை வராதவர்மேல் வருகின்றனவே, அதற்கு எந்தப் பிரிவைச் சேர்ப்பது என்று மேடம் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.