தப்புதான் சார்

நான் வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட வாரத்திலேயே எங்கள் மயிலாப்பூர் தெரு முழுக்கச் சட்டப் பிரச்சினைகள் முளைத்துவிட்டன. அதுவரை எங்கே ஒளிந்திருந்தனவோ! கீழ்வீட்டு மாமா, தம் மாமரக் கிளையைப் பக்கத்து வீட்டார் வெட்டினால் அது கிரிமினலா என்று கேட்டார். பாட்டு டீச்சர், ஸ்டேஷனிலிருந்து வாய்வார்த்தையாக "வந்துட்டுப் போங்க" என்றால் போய்த்தான் ஆகணுமா என்று கேட்டார். காய்கறிக்காரம்மாவுக்கு, ஜாமீன் கையெழுத்துப் போட்டவனையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவார்களா என்று கவலை. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தது அம்மா. பாதிப் பேருக்குப் பதில் சொன்னதும் அம்மாதான். எனக்கு அப்போது உருப்படியாகத் தெரிந்ததெல்லாம் சீனியரின் கேஸ் கட்டுகளைத் தூக்குவதும் வாய்தா கேட்பதும் மட்டுமே.

அப்படி வந்தவர்களில் ஒருவர், தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். எங்கள் அம்மா தி.நகருக்குப் புடவை எடுக்கப் போவதானாலும் நங்கநல்லூர் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போவதானாலும் அவருடைய ஆட்டோதான். அன்று மனைவியோடு வந்து வாசலிலேயே நின்றார். முகத்தில் சுரத்தே இல்லை.

நடந்தது இதுதான். ஸ்டாண்டில் இரண்டு பேர் ஒரு சவாரிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் நடுவில் புகுந்து விலக்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் போலீஸ் வேன் வந்தது. காக்கிச் சட்டை போட்டவர்களையெல்லாம் கீரைக்கட்டு மாதிரி அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில், "நீயும் சண்டை போட்டியா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தப்புதான் சார்னு சொன்னேன்மா."

இதில் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அது அவர்களுடைய தொழில் பழக்கம். போலீஸ்காரர் தூரத்தில் கையைத் தூக்கினாலே போதும், அவர் வாயைத் திறப்பதற்குள் "தப்புதான் சார்" என்று சொல்லிவிட வேண்டும். என்ன தப்பு என்பது அப்புறம் தெரியவரும். முதலில் தப்பை ஒத்துக்கொண்டவன் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது ஸ்டாண்டின் அனுபவப் பாடம்.

பொது இடத்தில் ரகளை செய்ததாகப் பெட்டி கேஸ் போட்டு, சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வரிசையில் நின்று, ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவதுதான் வழக்கம். "மழைல நனைஞ்சா தொடச்சிக்கினு போறதில்லையா, அந்த மாறிதான் நைனா இது" என்று ஸ்டாண்டில் மூத்தவர் தைரியம் சொல்லியிருந்தார்.

ஆனால் இவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அரசு பஸ்ஸில் டிரைவர் வேலைக்குத் தேர்வாகியிருந்தார். பல வருஷத்துக் கனவு. மேலே கேஸ் ஏதாவது இருக்கிறதா என்ற போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி.

"ஒத்துக்கினா வேலை பூடுமா வக்கீலம்மா?" என்று மனைவி கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை போனாலும் போகலாம் என்றேன். ஒத்துக்கொண்டால் அது தண்டனை, சின்னதானாலும் பேப்பரில் தண்டனைதான். செய்யவில்லை என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, சொன்னால் நிரூபிக்க வேண்டியது போலீஸின் பொறுப்பு என்றும் விளக்கினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லன்னு சொல்லலாமா? ஜட்ஜையாகிட்டயேவா? கோச்சுக்க மாட்டாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரெல்லாம் சுற்றி வந்த மனிதருக்கு, 'இல்லை' என்று சொல்லலாம் என்பதை யாருமே சொல்லவில்லை. ஐந்து வருஷம் சட்டம் படித்தது இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகத்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஒத்திகை எங்கள் கூடத்தில் நடந்தது. அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டே மாஜிஸ்திரேட் ஆனாள்.

"ஏம்ப்பா, ரோட்டுல ரகளை பண்ணினியா?"

"தப்புதான் மாமி."

"போச்சு! நம்மாத்துலயே இப்படின்னா அங்க போய் என்ன பண்ணுவே? திருப்பிச் சொல்லு."

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் தப்புதான். குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், மனிதர் கையைக் கட்டிக்கொண்டு குற்றவாளியாகிவிடுவார். ஒரு கட்டத்தில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என் வாழைப்பூவைத் திருடினதும் நீதானா?" என்றாள். அதற்கும் "தப்புதான்" வந்தது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாலைக்குள் ஒருவழியாக "இல்லீங்கய்யா" என்று வாய் வந்துவிட்டது. அம்மா அவரை விடவில்லை. அந்த வாரம் ஆட்டோவில் போகும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து திடீர் திடீரென்று விசாரணை நடத்தினாள்.

கோர்ட்டில் எல்லோரையும் மொத்தமாகக் கூப்பிட்டார்கள். முன்னால் நின்றவர்கள் வரிசையாக ஒத்துக்கொண்டு நகர்ந்தார்கள். இவர் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போனார். மாஜிஸ்திரேட் முதலில் பேரைப் படித்து, "இது நீதானே?" என்று கேட்டார்.

"இல்லீங்கய்யா!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. மாஜிஸ்திரேட் கண்ணாடியை இறக்கினார். "வக்கீல் யாராவது இருக்காங்களா?"

"இல்லீங்கய்யா!"

பக்கத்திலேயே கறுப்பு கோட்டோடு நின்ற நான் அப்படியே பூமிக்குள் போய்விட நினைத்தேன். இருமிக்கொண்டு முன்னால் வந்து, கட்சிக்காரர் கொஞ்சம் பயந்திருக்கிறார் என்றேன். மாஜிஸ்திரேட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல மனிதர். "பயப்படாதப்பா. மெதுவா, யோசிச்சுச் சொல்லு. சண்டை போட்டியா?" என்றார்.

அவர் மூச்சை இழுத்துவிட்டார். "இல்லீங்கய்யா. நான் விலக்கித்தான் வுட்டேன்."

ஒத்திகையில் இல்லாத வாக்கியம் அது.

கேஸ் சில மாதம் இழுத்தது. வேலைக்கான ஆர்டர் அதுவரை நின்றுவிட்டது. அந்த மாதங்களில், பேசாமல் ஒத்துக்கொண்டே போயிருக்கலாமோ என்று மனைவி இரண்டொரு தடவை வந்து அழுதாள். கடைசியில் கூண்டில் ஏறிய கான்ஸ்டபிளிடம், இவரைப் பிடித்தபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டேன். நான் கேட்ட முதல் குறுக்கு விசாரணைக் கேள்வி அதுதான். கான்ஸ்டபிள் இவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நடுவுல நின்னு ரெண்டு பேரையும் பிடிச்சுத் தள்ளிக்கிட்டிருந்தாருங்கய்யா" என்று உள்ளதைச் சொன்னார். விடுதலை. அடுத்து ஆர்டரும் வந்தது.

ஒரு நாள் நானும் அம்மாவும் திருவான்மியூர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்ப பஸ் ஏறினோம். டிரைவர் சீட்டில் அவர்! அம்மாவுக்கு ஒரே பெருமை. பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம், "நம்ம பையன்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் தெருமுனை நெருங்கியதும் எழுந்து முன்னால் போனாள்.

"இங்கயே செத்த நிறுத்தேன்ப்பா. முட்டி வலிக்கறது."

அவர் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். கையைக் கட்டவில்லை, குரல் நடுங்கவில்லை.

"இல்ல மாமி. இங்க ஸ்டாப்பிங் இல்ல."

பஸ் எங்கள் தெருவைத் தாண்டி, குளத்தங்கரை ஸ்டாப்பில்தான் நின்றது. வெயிலில் திரும்பி நடந்தோம். எனக்குப் பயம், அம்மா கோபத்தில் வெடிக்கப்போகிறாள் என்று. பாதி வழியில் நின்று முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"பாத்தியோடீ," என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "எங்கிட்டயே சொல்லிட்டான்."