லூப்பின் செடிக்கு ஐஸ்

குளிரூட்டிய கண்ணாடித் தோட்டத்தில் நேற்று மகள் லூப்பின் பூக்களைக் காட்டினாள். எண்ணினேன், பதினொரு ஊதாக் கதிர்கள். சிங்கப்பூர் கேலாங்கில் இடிபட்டுப்போன எங்கள் பலகை வீட்டின் பின்புறம் நினைவுக்கு வந்தது. கப்பல்கார நண்பர் தந்த பன்னிரண்டு லூப்பின் விதைகளை அப்பா ஊறவைத்து நட்டதில் ஏழு முளைத்தன. குளிர்நாட்டுச் செடியாயிற்றே என்று தினமும் மதியம் காப்பிக்கடையில் ஐஸ் வாங்கிவந்து வேரைச் சுற்றி அடுக்குவார், அம்மா "அடுத்து கம்பளி வாங்கிப் போர்த்துங்க லா" என்பாள், நான் விரல்களாய் விரிந்த இலைகளின் நடுவில் தேங்கிய நீர்த்துளிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். கடைசிவரை அப்பா ஒரு பூவைக்கூடப் பார்க்கவில்லை.

"குளிருதுப்பா, போலாம்" என்றாள் மகள். முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்து மண்ணைத் தொட்டேன். ஐஸ் இல்லாமலே சில்லென்று இருந்தது.