முருகனிடம் மூன்று முறை பூக் கேட்டேன்

போன வருடம் ஆடி மாதம், ஒரு காலையில் என் மகள் யாழினி கட்டிலை விட்டு இறங்க மறுத்தாள். அவளுக்கு நான்கு வயது. பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று அதட்டினேன். அந்த அதட்டல் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. ஒரு வாரத்தில் இரண்டு முழங்காலும் வீங்கின. பிறகு விரல்கள். காரைக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்றார்கள்.

நான் எம்.எஸ்சி. படித்தவள். குழந்தைக்கு மூட்டுவாதம் வரும் என்று கேள்விப்பட்டதே இல்லை. அவள் வயிற்றில் இருந்தபோது நான் எதைத் தின்றேன், எதைத் தின்னாமல் விட்டேன் என்று யோசித்தே நாட்கள் போயின. மாத்திரை போதவில்லை. மார்கழியில் டாக்டரம்மா, இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போடலாம் என்றார். அவரும் எங்கள் காரைக்குடிப் பக்கத்துக்காரர். எனக்குப் புரியும்படி சொன்னார்.

"உடம்புல சைட்டோகைன்னு சில பொருள் இருக்கு. கிருமி வந்தா, எல்லாரும் ஓடியாங்கன்னு மைக் போட்டுக் கூப்பிடுறது அதுதான். ரத்தத்துல உள்ள வெள்ளையணுக் கூட்டம் வந்து கிருமியை விரட்டும். அதுலதான் வீங்குது, சுடுது. வேலை முடிஞ்சா மைக் நின்னுரணும். இவளுக்குக் கிருமியே இல்லாம மைக் ஓடிக்கிட்டே இருக்கு. வந்த கூட்டம் மூட்டுக்குள்ள புகுந்து அரிக்குது. ஊசி அந்தச் சத்தத்தைக் குறைக்கும்."

"அப்ப நெசமாவே கிருமி வந்தா யாரு வருவாக?"

"ஒரு மைக்கைத்தான் குறைக்கிறோம். மத்ததெல்லாம் இருக்கு. ஆனா காய்ச்சல் வந்தா உடனே கூட்டியாந்துரணும். உள்ள காசநோய் ஒளிஞ்சிருந்தா இந்த ஊசியில தலைதூக்கிரும்; அது இல்லைன்னு பாத்துட்டுத்தான் போடுவோம். ரொம்ப யோசிக்கிறீக. தள்ளிப்போட்டா மூட்டு கெட்டுரும்."

காசநோய் இல்லை என்று வந்தது. அப்போதும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. குன்றக்குடி முருகனை நினைத்து, பூஜை அறையில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்தேன். வெள்ளை வந்தால் ஊசி, சிவப்பு வந்தால் வேண்டாம். யாழினி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. மனம் ஆறவில்லை. மறுநாளும் கேட்டேன். சிவப்பு. அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாம் நாளும் பொட்டலம் கட்டினேன்.

"முருகனுக்கே மறுகூட்டலுக்கு எழுதிப் போடுறியே. மார்க்கு உனக்குப் பிடிக்கிற வரைக்கும் விடமாட்டியா?" என்றார் என் கணவர். சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது.

அன்று ஒன்றே ஒன்றுதான் வேண்டினேன். முருகா, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு.

வழக்கமாகப் பொட்டலத்தைப் பிரிப்பது நான்தான். அன்று யாழினி தானே பிரிப்பேன் என்றாள். விரல் மடங்கவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தாள். காகிதம் நனைந்ததுதான் மிச்சம். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நீயே பிரிச்சுக்கம்மா. எனக்கு எந்தப் பூன்னாலும் சரி."

நான் பிரிக்கவில்லை. அப்படியே முருகன் படத்தின் முன்னால் வைத்துவிட்டேன். மூன்று நாளாகப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, முருகன் என் பிள்ளையின் விரலைப் பார்க்க வைத்தார். அந்த நிமிடமே மதுரைக்குப் போன் செய்தேன்.

முதல் ஊசிக்குப் பிறகு அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "தொடாதம்மா, தேயுது" என்றாள். மூன்றாவது ஊசி போட்ட வாரம், காலையில் அடுப்படியில் நின்றபோது படுக்கை அறையில் தொப்பென்று ஒரு சத்தம். ஓடினேன். கட்டிலிலிருந்து குதித்திருந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி குதித்தாள். நானும் என் கணவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். தோசை கருகியது. அன்று அதைத்தான் சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசி.

பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடி மலை ஏறினோம். பாதிப் படியில் நான் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டேன். மேலே போனவள் திரும்பிப் பார்த்து, "முடியலைன்னா சொல்லும்மா, அப்பாவைத் தூக்கச் சொல்றேன்" என்றாள். படியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஊசி இன்னும் தொடர்கிறது. ரத்தப் பரிசோதனைக்கும் தவறாமல் போகிறோம். நான் இன்னும் பயப்படுகிறேன்தான். ஆனால் பயந்துகொண்டே நல்லதைச் செய்யக் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை காலையில் எழுந்திருக்க முடியாமல் அழுதால், அதட்டாதீர்கள். முருகனை மனதாரக் கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு டாக்டரிடம் கிளம்புங்கள். முருகன் உங்கள் கூடவே பஸ் ஏறுவார். என்னோடு மதுரை வரைக்கும் வந்தார்.