தரையில்லாத கூண்டு

மாமா ராணுவத்தில் சேரப் போய், நெஞ்சளவு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட வருஷத்தில்தான் எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது. போகும்போது ஒரு டிரங்குப் பெட்டியோடு போனவர், வரும்போது அந்தப் பெட்டிக்குள் ஒரு குட்டியோடு வந்து இறங்கினார். தனக்குக் கிடைக்காத பதவியை அதற்குக் கொடுத்து ‘மேஜர்’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாரி ஷெட்டில் வேலை. அப்பாவுக்கு சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் வேலை. விடிந்ததும் சைக்கிளில் போனால் இருட்டித்தான் திரும்புவார். ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் மாதா கோயிலை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். அதில் அம்மா டீச்சர். அடுத்தவர் பென்சில் காலடியில் உருண்டு வந்தாலும் தொடக் கூடாது என்பது அவள் வகுப்பில் முதல் பாடம். அந்த வீட்டில் வந்து வளர்ந்தது மேஜர்.

மேஜர் யாரையும் கடித்ததில்லை. கோழியைத் துரத்தியதில்லை. அதற்கு ஒரே ஒரு குணம்தான். பக்கத்து வீட்டில் கண்ணில் பட்டதைப் பல் படாமல் வாயில் கவ்விக்கொண்டு வந்து, எங்கள் சமையலறை வாசலில் வைத்துவிட்டு, பதக்கத்துக்குக் காத்திருப்பதுபோல் நிமிர்ந்து உட்காரும். கொட்டாங்கச்சி அகப்பை வந்தது. தலையணை உறை வந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் துண்டே வந்தது.

பெரியப்பா என்று கூப்பிட்டாலும் எங்களுக்கு அவர் உறவில்லை. வேர்க்கடலையும் நெல்லும் பயிர் வைப்பவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி, பேருக்கு இருந்தது. அவருக்கு ஒரே மகள். தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு மறந்துபோகும் அந்த அக்காதான் என் பாவாடை சட்டை எல்லாம் தைத்துத் தருவாள்.

ஒவ்வொரு பொருளையும் அம்மா தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். “நாய்க்கு இன்னா தெரியும் டீச்சரம்மா, வுடுங்க” என்று பெரியப்பா சிரிப்பார். ஆனால் சித்திரை வெயிலில் பெரியம்மா வேட்டி விரித்து வடகம் பிழிந்து காயப்போட்டிருந்த அன்று, மேஜர் வேட்டியின் நுனியைக் கவ்வி இழுத்துக்கொண்டு வந்தது. வேலி முழுக்க, முற்றம் முழுக்க வடகம். அன்று பெரியப்பா சிரிக்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை. அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

போதாததற்கு, மறுநாள் வகுப்பில் அடுத்தவன் பலப்பத்தை எடுத்து மாட்டிக்கொண்ட பையன் ஒருவன் எழுந்து நின்று, “உங்க மேஜருந்தான் எடுத்துகினு போவுது டீச்சர்” என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்த அம்மா பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“நாயை அடைச்சு வை. இல்லன்னா அதோட சேர்ந்து நீயும் கிளம்பு” என்றாள் மாமாவிடம்.

மாமா முதலில் கயிறு கட்டினார். மேஜர் கயிற்றைத் தின்றது. பிறகு கொய்யா மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார். அது மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கழுத்து மரத்தோடு ஒட்டியதும் ஊரைக் கூட்டும்படி ஊளையிட்டது. துண்டைத் திருடினாலும் பரவாயில்லை, தூங்க விட்டால் போதும் என்று தெருவே சொல்லும் நிலைமை.

அப்போதுதான் பெரியப்பா ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க டீச்சரம்மா, செம்பரம்பாக்கத்துலேர்ந்து. அன்னிக்கு ஒரு நாளு மட்டும் மேஜர கொஞ்சம்...” என்று இழுத்தார்.

அதற்கு முன்பு ஒரு வரன் வந்து, வைத்த பலகாரத்தை எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போய், பதிலே சொல்லாமல் இருந்துவிட்டது. அதனால் இந்த முறை அவருக்குப் பயம். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

“ஒரு நாள் இல்லைங்க. இனிமே எப்பவுமே வராது” என்றாள்.

மாமா அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வரும்போது லாரி ஷெட்டில் கழித்துப்போட்ட கள்ளிப்பெட்டிப் பலகைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கூண்டு எழும்பியது. நாலு பக்கமும் அழகான பலகைச் சட்டங்கள், மேலே தகரக் கூரை, தாழ்ப்பாள் போட்ட கதவு. நெற்றியில் ‘மேஜர்’ என்று பெயின்ட்டில் பெயர். அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அடியில ஒண்ணும் போடலையா?”

“அடியில பூமியே இருக்கே மச்சான்!” என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் மேஜரைக் கூண்டில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டோம். அது சாதுவாகப் படுத்துக்கொண்டது. காவலுக்கு மாமா. அம்மாவும் நானும் அழைப்பின் பேரில் பக்கத்து வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை வீட்டார் ஒரகடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சரளைக்கல் ரோட்டில் வெயிலோடு நடந்தே வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, இன்னும் இரண்டு மூன்று பெரியவர்கள். வாசலில் செருப்புகளை வரிசையாக விட்டுவிட்டு உள்ளே வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை என்றார்கள்.

போண்டா வாசனை வேலி தாண்டிப் போயிருக்க வேண்டும். சற்று நேரத்தில் மாமா எங்கள் பக்கத்து வேலியோரம் நின்று சும்மா வானத்தைப் பார்த்தார். பெரியப்பா மரியாதைக்கு, “நீயும் வாப்பா” என்றார். மாமா வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்து மண் மணல் கலந்த மண். குச்சியால் கீறினாலே பள்ளம் விழும். மேஜருக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா காப்பி கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலை துப்ப எழுந்து வாசலுக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றார்.

“இன்னாப்பா இது, செருப்பு ஒண்ணத்தையும் காணோம்?”

எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தோம். வாசல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அவர் குரல் உயர்ந்தது. “வந்த எடத்துல செருப்பு காணாம போவுது. இது இன்னா சகுனம்?”

பெரியம்மா போண்டாத் தட்டோடு குனிந்து வாசல் முழுக்கத் தேடினாள். பெரியப்பா தெருவரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். மாமா பாதி போண்டாவோடு சுவரோடு சுவராகிவிட்டார். அம்மா மட்டும் முன்னால் வந்தாள்.

“ஐயா, செருப்பு எங்கயும் போகல. எங்க நாய் எடுத்துட்டுப் போயிருக்கு. அடைச்சு வைக்க வேண்டியது நாங்க, சரியா அடைக்கல. தப்பு எங்களோடது. இந்த வீட்டுக்காரங்க மேல எதுவும் நினைக்காதீங்க” என்றாள்.

சொல்லிவிட்டு நிற்காமல் எங்கள் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். சமையலறை வாசலில், கடை பரப்பியதுபோல் செருப்புகளுக்கு நடுவே மேஜர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு ஒன்றல்ல, பல பதக்கங்கள் எதிர்பார்த்திருக்கும். மாமா வந்து தலையைக் குனிந்தபடி அதைப் பிடித்து முன்பக்கம் கொண்டுபோனார். அம்மா ஒவ்வொரு செருப்பாக எடுத்துத் தண்ணீரில் கழுவி, தன் பூசைப் புடவையின் முந்தானையால் துடைத்து, இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு திரும்பப் போய் அவரவர் காலடியில் வைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“ஐயோ, டீச்சர் நீங்க போயி இதையெல்லாம்...” என்றவர், தன் செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு பல்லு கூட படலியே! இவ்ளோ பதமா எடுத்துகினு போற நாய நான் பாத்ததே இல்ல.” மறுபடியும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். பெரியம்மா சட்டென்று இன்னொரு போண்டா வைத்தாள்.

ஆனால் மாப்பிள்ளையின் இடது கால் செருப்பு மட்டும் வரவில்லை.

“மேஜர் எங்க வைக்கும்னு எனக்குத் தெரியும்” என்று அக்கா எழுந்து போய்விட்டாள். “என் செருப்பு எனக்குத்தான் தெரியும்” என்று மாப்பிள்ளையும் எழுந்து போய்விட்டார். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செருப்பு தொலைந்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து தேடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மா என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். துணைக்கு நான் போனேன்.

எங்கள் பின்கட்டில் ஒரு சின்ன வைக்கோல் போர் இருந்தது. கூண்டு வருவதற்கு முன்பு மேஜர் படுத்தது அதில்தான். அக்கா அந்தப் பக்கம் தேடினாள், மாப்பிள்ளை இந்தப் பக்கம் தேடினார்.

“போண்டா நீங்க சுட்டதா?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“ம். கேசரி அம்மா பண்ணாங்க.”

“அதான் கேட்டேன். போண்டாதான் நாலு சாப்ட்டேன்.”

அக்கா சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, வைக்கோலைப் பார்த்துக்கொண்டே, “என் தையல் மிஷின எடுத்துகினு வரலாமா?” என்றாள்.

“ஜன்னலோரமா எடம் கீது. வெளிச்சம் நல்லா வரும்” என்றார் அவர்.

அப்போதுதான் நான் பார்த்தேன். வைக்கோல் போரின் அடியில், அக்காவின் கால் பக்கத்தில், செருப்பின் வார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “அக்கா, இதோ...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் அக்கா என் கையைக் கிள்ளினாள். அவள் கால் அந்தச் செருப்பை மெதுவாக இன்னும் உள்ளே தள்ளியது. மாப்பிள்ளை அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, திரும்பிக் கிணற்றடிக்குப் போய்த் தேட ஆரம்பித்தார். அங்கிருந்தபடியே அவர் ஏதோ கேட்டார், அக்கா ஏதோ சொன்னாள். மேஜரின் சம்பளம் எவ்வளவு என்றுகூட விசாரித்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மா கூப்பிட்ட பிறகுதான் அக்கா குனிந்து செருப்பை எடுத்தாள்.

“அட, இங்கயா இருந்துது!” என்றார் மாப்பிள்ளை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டுக் கூண்டின் அடியில் செங்கல் ஜல்லி கொட்டி சிமென்ட் பூசினார். கொய்யா மரத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் வளையம் மாட்டிச் சங்கிலியைப் போட்டார். மேஜர் இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் இஷ்டம்போல் ஓடலாம், வேலியை மட்டும் தொட முடியாது. அது ஓடிப் பார்த்துவிட்டு ஊளையிட மறந்துபோனது. மாமா வேலியின் அடியில் பள்ளம் தோண்டிச் செங்கல் பதித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒரு கட்டு மூங்கிலோடு வந்து, அந்தப் பக்கமிருந்து தானும் ஊன்ற ஆரம்பித்தார். அவர் முகமே வேறு மாதிரி இருந்தது.

“சரின்னு சொல்லியனுப்பிட்டாங்க டீச்சரம்மா. பையனே ஒத்தக் கால்ல நிக்கிறானாம்” என்றார்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா கைநிறைய சிமென்ட்டோடு சிரித்தார். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அக்கா நல்லவள். விஷயத்தை மறைப்பது பாவம்.

“அந்த மாப்பிள்ள வேணாம் பெரியப்பா. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல. எதிர்லயே செருப்பு இருக்குது, அதப் பாத்துட்டு, கிணத்தடியில போய்த் தேடறாரு” என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அம்மா சிரித்தாள். மாமா கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார். பெரியப்பா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

எவ்வளவு பெரிய ஆபத்தைச் சொல்லியிருக்கிறேன், ஒருத்தராவது கவலைப்பட வேண்டாமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.