தங்கையின் பாட்டுக்கு அடியில் வயலின்

உறங்குவதுபோல் கிடந்து உலகத்தின் ஓசை அனைத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும் திருவரங்கத்துப் பெருமானை, தாயாரை முன்னிட்டு வணங்கி இதைத் தொடங்குகிறேன். எழுதப்போவதில் சினம் மிகுதி. சினத்தோடு அவன் திருநாமத்தைச் சொல்லலாகாது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் எழுதுகோலைத் தொட்டு எனக்குப் பழக்கமில்லை. பொறுத்தருள்வான்.

இன்று கைசிக ஏகாதசி. உபவாசத்தில் அமர்ந்திருக்கிறேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

பெருமான்மீது அடியேன் பத்துப் பாடல்கள் இயற்றியிருக்கிறேன். பாசுரம் என்று அவற்றைச் சொல்ல நாக்கூசும், பாடல்கள், அவ்வளவே. என் தங்கை அவற்றுக்கு இசையமைத்து, எங்கள் பஜனை கோஷ்டியாரின் கூடத்தில் சுருதிப்பெட்டி மட்டும் வைத்துக்கொண்டு பாடினாள். அது ஒரு கேசட்டில் பதிவாயிற்று. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு கற்பித்தவள். மேடை ஏறியதில்லை. ஆசார்யன் திருவடியை அவள் அடைந்தபின் அவள் குரலாக எனக்கு எஞ்சியது அந்த ஒரு கேசட்தான். விடியற்காலை அனுஷ்டானம் முடிந்ததும் அதைப் போட்டுக் கேட்பது என் வழக்கம். கோஷ்டியில் ஒருவர், என் வீட்டு டேப்ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் அதைப் பிடித்து, என்னைக் கேளாமலே இணையத்தில் ஏற்றிவிட்டார். வினை அங்கே தொடங்கியது.

ஒரு திரைப்பட இயக்குநர் அதைக் கேட்டிருக்கிறார். தகப்பனாரின் அஸ்தியைக் கரைக்க ஒரு பெண் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறைக்கு வருகிறாள். பக்கத்து டீக்கடை ரேடியோவில் என் தங்கையின் பாட்டு கேட்கிறது. அப்படியொரு காட்சி. அசல் கேசட்டும் என் கையெழுத்தும் வேண்டும் என்று ஆள் வந்தது. பாட்டை எழுதியவனும் நான். பாடியவளுக்கு வாரிசும் நான். ஆகவே ஒரு கையெழுத்து போதுமாம். கேசட்டைக் கொடுத்தேன். கையெழுத்தைக் கொடுக்கவில்லை. காட்சியில் பாட்டு எப்படி வருகிறது என்பதை என் காதால் கேட்டபிறகே போடுவேன் என்றேன்.

அதற்காகத் திருச்சி தில்லைநகரில் ஒரு மாடியறைக்குப் போனேன். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. படத்தின் இசையமைப்பாளர் அங்கே இருந்தார். முசிறிப் பக்கம் வாழை பயிரிடும் குடும்பத்தவர். நாற்பது வயது இருக்கும். எழுந்து நாற்காலி கொடுத்தார். முகத்தில் மட்டும் வரவேற்பு இல்லை.

திரையில் படித்துறை தெரிந்தது. அந்தப் பெண் மண்கலயத்தோடு இறங்கினாள். பாட்டு தொடங்கியது. இரண்டாம் அடிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குரல் தாழ்ந்திருந்தது. நடை தளர்ந்திருந்தது. போதாததற்கு அடியிலே வயலின் கூட்டமொன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்கோ" என்றேன். "இது யார் குரல்?"

"உங்க தங்கச்சிதான் ஐயா. நீங்க குடுத்த கேசட்டுதான்."

"என் தங்கை இப்படி இழுக்க மாட்டாள். உங்கள் வயலினுக்கு எட்டவில்லை என்று அவளைக் கீழே பிடித்து இழுத்திருக்கிறீர்கள்."

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "நான் யாரையும் இழுக்கலைங்க. அவங்க சுருதிக்கு வயலினை இறக்கினேன். ஆர்மோனியத்துல ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குது அவங்க சுருதி. வாசிக்க வந்தவங்க அத்தனை பேரும் என்னைத் திட்டிக்கிட்டே வாசிச்சாங்க. உங்க வீட்டு டேப்ரிக்கார்டர் வேகமா ஓடுதுன்னு நினைக்கிறேன்."

"என் வீட்டு டேப்ரிக்கார்டருக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்ப என் மெஷினுக்குத்தான் குறைன்னு வச்சுக்குங்க."

வயலின் ஏன் வேண்டும் என்று கேட்டேன். சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: படத்தில் இசை இரண்டு வகை. வெளியிலிருந்து அனுமதி வாங்கி வைக்கும் பாட்டு ஒன்று. படத்துக்கென்றே அவர் எழுதுவது மற்றொன்று. "பாட்டு ரேடியோவுல வருது. படித்துறையில இருக்கறவங்க காதுலயும் விழும். என்னோட வயலின் படம் பார்க்கறவங்களுக்கு மட்டுந்தான். கதையில இருக்கறவங்களுக்குக் கேக்காது."

"கொடுத்துவைத்தவர்கள்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஐயா, ஒண்ணு சொல்றேன். இந்த இடத்துக்கு நானே ஒரு பாட்டு போட்டிருந்தேன். மூணு மாசம் உக்காந்து செஞ்சது. எடிட்டிங்ல சும்மா நீளம் பார்க்க உங்க தங்கச்சி பாட்டை வச்சாங்க. டைரக்டருக்கு அது ஒட்டிக்கிச்சு. என் பாட்டைத் தூக்கிட்டாரு. எனக்கும் இதுமேல பாசம் ஒண்ணும் கிடையாது. ஆனா முன்னாடி வர்றதும் பின்னாடி வர்றதும் என் இசை. நடுவுல உங்க பாட்டு. ஒட்டுப்போட்ட இடம் தெரியாம செய்ய வேண்டியது என் தலையெழுத்து."

பகைவரிடம் பேச வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையெழுத்துப் போடாமல் கேசட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஆத்துக்காரியிடம் நடந்ததைச் சொல்லித் தீர்த்தேன். முசிறியிலிருந்து வந்த ஒருவர் என் தங்கையின் சுருதியை எனக்குச் சொல்லித்தருகிறார் என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"சுருதிப்பெட்டி பரண்லதானே இருக்கு. எடுத்து வெச்சுப் பாருங்கோளேன்."

"எதற்கு?"

"கேசட்டுல கேக்கறதும் அந்தப் பெட்டிதானே. ரெண்டும் சேர்ந்தா நீங்க சொல்றது சரி. சேரலேன்னா அவர் சொல்றது சரி."

பெட்டியை இறக்கித் துடைத்தேன். உள்ளே பித்தளை நாக்குகள். காற்று குறைந்தால் ஓசை மெலியும், சுருதி நகராது. தங்கை வைத்த துளை இன்னும் திறந்தபடியே இருந்தது. அவள் மூடாமல் போனதை நானும் மூடவில்லை. ஆத்துக்காரி துருத்தியை அசைக்க, நான் டேப்ரிக்கார்டரை ஓடவிட்டேன். கேசட்டில் பெட்டி ஒரு சுருதியில் ஒலித்தது; அவள் மடியில் பெட்டி வேறொரு சுருதியில் ஒலித்தது. அரைக் கட்டைக்குக் கிட்டத்தட்ட வித்தியாசம். இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுக் கடையிலே குடுத்து மோட்டாரை மாத்திண்டு வந்தேளே, அன்னிலேருந்து இப்படித்தான்" என்றாள். "நாத்தனாருக்கு இவ்வளவு கீச்சுக்குரல் கிடையாதுன்னு அப்பவே சொன்னேன்."

"சொன்னாயா?"

"சொன்னேன். சங்கீதம் தெரியாதவா வாயைத் திறக்கப்படாதுன்னேள். மூடிண்டேன்."

மோட்டார் மாற்றி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எட்டு ஆண்டுகளாக நான் கேட்டது என் தங்கையை அல்ல. அவளை விரட்டிக்கொண்டு ஓடிய ஓர் இயந்திரத்தை. இதோடு நின்றிருந்தால் என் அறியாமை என்னோடு போயிருக்கும். எங்கள் கோஷ்டியில் பாடும் பெண்களையும் அந்தக் கேசட்டின் சுருதிக்கே பாடவைத்திருந்தேன். "மாமா, மேலே எட்டலே, தொண்டை கிழியறது" என்று அவர்கள் கெஞ்சியபோதெல்லாம், எட்டாதது தொண்டைக்கு அல்ல, பக்திக்கு என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தி கோஷ்டியைவிட்டே போய்விட்டாள். அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

தவறு என்னுடையது என்று தெரிந்தபின் அந்த மனிதர்மீது கோபம் தணிந்திருக்க வேண்டும். கூடிற்று. பிறந்ததிலிருந்து உடனிருந்த எனக்குக் கேட்காதது, அவள்மீது ஒரு துளி அன்பும் இல்லாதவருக்குக் கேட்டிருக்கிறது.

மூன்றாம் நாள் மறுபடியும் தில்லைநகருக்குப் போனேன்.

"குரல் சரிதான்" என்றேன். அதற்குமேல் அவருக்கு நான் தர விரும்பியது ஒன்றுமில்லை. "வயலின் சரியில்லை."

கடைசிப் பாடலின் முடிவு இது:

பிரிந்தோடி வந்தாலும் பெருநீர் இரண்டும்
அரங்கா நின் அடிதொட்டே அப்பால் போம்.

முக்கொம்பில் பிரியும் காவிரி, கொள்ளிடம் இரண்டும் அவன் கிடக்கும் தீவைத் தொட்டுக்கொண்டே செல்வதை அதில் சொல்லியிருந்தேன். பாட்டு முழுவதும் 'அரங்கா' என்ற அந்த ஒரு விளிக்காகவே எழுதப்பட்டது. சரியாக அந்த இடத்தில்தான் அவருடைய வயலின்கள் ஓங்கி எழுந்தன. திருநாமம் மூழ்கிப்போயிற்று. அனுமதிப் பத்திரத்தை வாங்கி, கீழே என் கையால் எழுதினேன்: 'இறுதி இரண்டு அடிகள் பாடப்படும்போது வேறு எந்த வாத்தியமும் ஒலிக்கலாகாது.'

அவர் படித்துவிட்டுத் தாளை மேசைமேல் போட்டார். "அங்க எழும்பினாத்தான் அடுத்த சீனுக்குப் போக முடியும். திடீர்னு எல்லாத்தையும் நிறுத்தினா தியேட்டர்ல ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு விசில் அடிப்பாங்க."

"அடிக்கட்டும்."

"உங்களுக்கென்னங்க, அடிக்கட்டும்பீங்க. என் பேருதானே கெடும்."

"பெருமான் பெயர் மூழ்கினால் பரவாயில்லை, உங்கள் பெயர் கெடக்கூடாது. அப்படித்தானே?"

அவர் கோபத்தோடு ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினார், வயலின்கள் ஒழிந்தன. அந்த அடிகளை மட்டும் ஓடவிட்டார். நான் சொல்வது எவ்வளவு அபத்தம் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். 'பெருநீர் இரண்டும்' முடிந்தது. பிறகு 'அரங்கா'வுக்கு முன்னால் அவள் ஒரு மூச்சு எடுத்தாள். சின்ன மூச்சு. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்புவதற்குமுன் எடுப்பதுபோல. என் இயந்திரம் ஓடிய ஓட்டத்தில் அது எனக்கு ஒரு நாளும் அகப்பட்டதில்லை. அவருடைய வயலினுக்கு அடியில் அவருக்கும் அது அகப்பட்டிருக்கவில்லை.

அவர் மீண்டும் ஒருமுறை அந்த இடத்தை ஓடவிட்டார். மூன்றாம் முறையும்.

"சரி, எடுத்துடறேன்" என்றார், என் முகத்தைப் பாராமல். "கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். நன்றி என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

படம் வெளியானபோது பகல் காட்சிக்கு ஆத்துக்காரியோடு திருச்சிக்குப் போனேன். திரையரங்கில் நான் கால் வைத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. எங்களுக்குப் பின்வரிசையில் நான்கு இளைஞர்கள். காலை எங்கள் நாற்காலிமேல் வைத்துக்கொண்டு சோளப்பொரி தின்றார்கள். படித்துறை வந்தது. பாட்டு தொடங்கியது. அவளுடைய உண்மைக் குரல், அவளுடைய உண்மை நடை.

"மச்சான், பாட்டு எப்ப முடியும்?"

"அஸ்தி கரையற வரைக்கும்டா. கம்முனு தின்னு."

"அந்தம்மா கலயத்தைக் கவுக்கவே மாட்டேங்குதே."

திரும்பி எழுந்து நின்றேன். "வாயை மூடுங்கோ! பாடுகிறது என் தங்கை!"

"பெருசு, மறைக்குது, உக்காரு!" என்றது ஒரு குரல். "தங்கச்சி பாடினா வீட்டுல போய்க் கேளு!" என்றது மற்றொன்று. அரங்கம் சிரித்தது. ஆத்துக்காரி உத்தரீயத்தைப் பிடித்து இழுத்து என்னை உட்காரவைத்தாள். இந்த அமளிக்குள்ளே அந்த மூச்சு வந்துபோய்விட்டது. நாமமும் வந்துபோய்விட்டது. எனக்கே கேட்கவில்லை.

பிறகு அவருடைய வயலின் புறப்பட்டது. அவள் விட்ட அதே சுருதியில், இரண்டு கட்டைக்கு நடுவிலிருந்து. பின்வரிசையில் பேச்சு நின்றது. பொரிப் பொட்டலத்தின் சலசலப்பும் நின்றது. அரங்கம் முழுவதும் அசைவற்றுப்போயிற்று.

"பார்த்தாயா!" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவள் பாடும்போது சிரித்தார்கள். வயலினுக்கு வாயை மூடுகிறார்கள்."

"மெதுவாப் பேசுங்கோ" என்றாள். "அவ பாடினது காதுலே ஏறாம இருந்தா, இப்ப அவா எதுக்கு வாய் மூடறா?"

அவள் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. சரியென்று ஒப்புக்கொள்ள மனமும் இல்லை. மறுநாளும் அதே பகல் காட்சிக்கு நான் மட்டும் போனேன். வாயை மூடிக்கொண்டு கேட்டேன். மூச்சு இருந்தது. நாமம் இருந்தது. அடுத்து வந்த வயலினையும் கேட்டேன், வெறுப்போடு, கடைசிவரை.

இதைப் படித்தவர்கள் அனைவரும் தம் இல்லத்தாரோடும் சுற்றத்தோடும் நோயின்றி நெடிது வாழ்க. அவர்கள் அன்பு வைத்தவர்களின் குரல் அவர்கள் காதில் பிழையின்றி விழுக. முசிறிக்காரருக்கும், காலைத் தூக்கி வைத்திருந்த அந்த நால்வருக்கும்கூட அரங்கன் அருள்க. எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் அவனிடம் ஒப்படைக்கிறேன்.